கிராங்குக்கு ஒரு அலுமினியச் சாவி

நான் கையில் மோதிரம் போடுவதில்லை ஐயா. லேத்து ஓடும்போது மோதிரம் மாட்டினால் விரலையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். சின்னமனூரில் பட்டறை போட்ட நாளிலிருந்து என் கையில் ஒரு கீறல் கிடையாது. பக்கத்து வெல்டிங் கடைக் கமாலைக் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்டவன் கைதவறிச் செய்துவிட்டான் என்று நீங்கள் கேஸ் எழுதினால் என் மானம் கப்பலேறிவிடும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

சீனிச்சாமி என் தங்கை மாப்பிள்ளை. காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம். அப்பா இல்லாத வீடு, சுருளியம்மாளை அவருக்குப் பேசி முடித்தது நான்தான். மனிதர் நல்ல உழைப்பாளி. கோபம் வந்தால் மட்டும் கை நீளும். ஒரு தடவை தண்ணீர்க் குழாயால் அடித்ததில் அவள் முதுகு பூராவும் வரிவரியாக ரத்தம் கட்டியிருந்தது. இன்னொரு தடவை முன்பல் இரண்டும் போய்விட்டன. அந்தப் பற்களை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறி வந்து பட்டறை வாசலில் நின்றாள்.

"இனி அங்கன போக மாட்டேண்ணே. என்னைக் கொன்னே போட்டுருவாக."

சோறு வாங்கிக் கொடுத்தேன். பிறகு கொண்டுபோய் விட்டேன். வாழாவெட்டியாக வந்து உட்கார்ந்தால் ஊர் என்னைத்தானே பேசும். கிளம்பும்போது போக மாட்டேன் என்று பட்டறைக் கதவைப் பிடித்துத் தொங்கினாள். பழைய இஞ்சின் பெல்ட்டால் விரல்மேல் இரண்டு வைத்தேன், விட்டுவிட்டாள். பாசம் இருப்பவன்தான் அடிப்பான். அண்ணன் அடி வேறு, புருஷன் அடி வேறு.

இந்த ரெண்டாயிரத்து எட்டில் கரண்டு போகிற போக்கு உங்களுக்கே தெரியும். தண்ணீர் இறைக்கக் கரண்டு மோட்டாரை நம்பியிருந்தவர்கள் எல்லாம் மூலையில் கிடந்த டீசல் இஞ்சினைத் தூசி தட்டினார்கள். மாப்பிள்ளையும் ஓட்டினார். பிளைவீல் ஆட ஆட ஓட்டியிருக்கிறார். அது ஒற்றை ஆள் தூக்க முடியாத இரும்புச் சக்கரம். அதை இஞ்சினுக்குள் சுற்றுகிற கிராங்குத் தண்டோடு இறுக்கிப் பிடித்திருப்பது விரல் நீள இரும்புத் துண்டு ஒன்றுதான். அதைச் சாவி என்போம், அது உட்காருகிற பள்ளத்தைக் காடி என்போம். சாவி லூசான பிறகும் ஓட்டியதில் காடி ஒரு பக்கமாகக் கிழிந்து வாயைப் பிளந்துவிட்டது.

கிராங்கைக் கழற்றிக் கொண்டுவந்தார். கமால் எட்டிப் பார்த்துவிட்டு, "பள்ளத்தை வெல்டு வச்சு அடைச்சுத் தர்றேண்ணே. எதிர்ப்பக்கம் புதுக் காடி வெட்டிருங்க" என்றான். அதுதான் முறை. நானும் அப்படிச் செய்யத்தான் இருந்தேன்.

எதிரே டீக்கடை நிறைய ஆட்கள். மாப்பிள்ளை அவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "இதுக்கு முன்னாடி இவன் வெட்டுன காடிதான்யா இது. மதுரைக்குக் கொண்டு போயிருக்கணும். மச்சானாச்சேன்னு இவங்கிட்டக் கொடுத்தேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குத்தான் எனக்குத் தங்கையின் பல் ஞாபகம் வந்தது. அவள் பட்ட பாட்டுக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

கிழிந்த காடியை அப்படியே விட்டேன். ஓரத்தை மட்டும் அரம் போட்டு வழித்தேன். அலுமினியக் கட்டை ஒன்றைச் சாவியாக அராவி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, கிரீஸ் பூசினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் தெரியாது. கையால் சுற்றும்போது தாங்கும். இஞ்சின் பிடித்து உதைக்கிற உதையில் நொறுங்கும், சக்கரம் கழன்றுவிடும். அந்த நேரத்தில் ஹேண்டிலைச் சுற்றியவன் சக்கரத்தை ஒட்டித்தான் குனிந்திருப்பான். தோட்டத்துக்கு நானே போய்ச் சக்கரத்தை மாட்டிக் கொடுத்தேன்.

திரும்பும்போது சுருளி தோட்டத்து வாசல் வரை கூடவே வந்தாள்.

"நாளைக்கு ஓட்டிப் பாக்குறாக. நீயும் வந்துருண்ணே. தண்ணி வந்துச்சுன்னா கொடி பொழச்சிக்கிரும். கொடி பொழச்சா அவுக கோபமும் தணிஞ்சிரும்."

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேர் பார்த்த இஞ்சினை முதல் தடவை ஓட்டும்போது வீட்டுக்காரி சூடத்தட்டோடு சக்கரத்துக்கு நேராக நிற்க வேண்டும். குழாயில் தண்ணீர் விழுகிற வரை நகரக் கூடாது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. 'நீ நிற்காதே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அவள் வாயில் எதுவும் தங்காது, அவரிடம் சொல்லிவிடுவாள். அவர் சாவியைக் கழற்றிப் பார்த்திருந்தால் என் வேலையைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? கம்பம் முதல் தேனி வரை சிரித்திருப்பார்கள். ஆகவே, "நல்லாச் சாமி கும்பிடு ஆத்தா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் போனேன். வாய்க்கால் மேட்டில் தள்ளி நின்றேன். மாப்பிள்ளை ஹேண்டிலைச் சுற்றினார். இஞ்சின் பிடித்தது, வேகம் எடுத்தது. நினைத்த மாதிரியே சாவி நொறுங்கி, சக்கரம் கழன்று அவர் மேல் சாய்ந்தது. நெஞ்சு இருந்த இடம் பள்ளமாகிவிட்டது. வாயிலிருந்து ரத்தம் வந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. சக்கரம் அதோடு நிற்கவில்லை. சுற்றுகிற சுற்றில் அவரை விட்டு இறங்கி, மண்ணைக் கீறிக்கொண்டு நேராக ஓடியது. சுருளி தட்டைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். தண்ணீர் இன்னும் விழவில்லையே என்று நின்றாளோ என்னவோ. என்னைத்தான் பார்த்தாள். திராட்சைப் பந்தலின் கல்காலில் மோதித்தான் சக்கரம் நின்றது. கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அவள் இருந்தாள்.

மண்ணில் நீங்கள் பொறுக்கிய அலுமினியத் துண்டுகள் என் கைவேலைதான். இரண்டு பேரையும் கொன்றது நான்தான். அவர் சாக வேண்டும் என்று செய்தேன், அவள் அங்கே நிற்பாள் என்று தெரிந்தே செய்தேன்.

தங்கைக்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. ஆனால் அதற்கு முன்னால், முதல் வரியாக, போன தடவை நான் வெட்டிய காடியில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிவிடுங்கள்.