விரிப்புக்கு அடியில் ஒரு கை

தைரியத்தின் விலை எங்கள் பாடாங் ஊரில் ஒரு தட்டு சாத்தே, குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி. விற்றவள் நான், வாங்கியவள் ரெப்னி.

என் அப்பா மாட்டுச் சந்தை வியாபாரி, ஐயா. அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. கைலிக்குள் கைவிட்டு, பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையால் பேரம் பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. எதிராளி எந்த இடத்தில் உடைவான் என்பது பிடித்த கைக்கு மட்டும் தெரியும்.

ரெப்னியும் நானும் பல்கலைக்கழகத்தில் ஒன்றாக ஒப்பந்த விரிவுரையாளர்களாகச் சேர்ந்தோம். மற்றவர்கள் தட்டிக்கழித்த வகுப்பெல்லாம் அவள் தலையில்தான். கூட்டத்தில் துறைத்தலைவர் ஆரம்பிப்பார்: "என்னம்மா, கட்டுரையும் வரல, கல்யாணமும் ஆகல. நாள் முழுக்க என்னதான் பண்றே?" எல்லோரும் சிரிப்பார்கள். அவள் விரல்கள் சில்லிட்டுவிடும். மேசை விரிப்புக்கு அடியில் நான் பிடித்துக்கொள்வேன். நிமிர்ந்து பதில் சொல்வாள். வெளியே வந்ததும் சாத்தே வாங்கித் தருவாள்.

"அக்கா, உன் கை இல்லேன்னா என்னிக்கோ மாடியிலேர்ந்து குதிச்சிருப்பேன்."

"கடனுக்குக் கை தரமாட்டேன்டி. இன்னொரு தட்டு சொல்லு."

மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தாள். "மாத்திரை சாப்பிடுறது தெரிஞ்சா பைத்தியம்னு ஒதுக்கிடுவாங்க" என்றேன். நிறுத்திவிட்டாள். "அம்மாகிட்ட அழாதே, ஊருக்கே திரும்பி வந்துடுன்னு சொல்வாங்க" என்றேன். அதையும் நிறுத்தினாள். நல்ல பெண். பிறகு அவளுக்கு என் கை மட்டும்தான்.

நிரந்தரப் பதவி ஒன்றே ஒன்று வந்தது. தகுதியானவர்கள் நாங்கள் இருவர்.

இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்த நேர்காணலில் நான் பேசி முடித்தேன். அடுத்து அவள். எளிய கேள்விதான். விரிப்புக்கு அடியில் அவள் கை தேடியது. என் முழங்காலைத் தட்டியது. என் இரண்டு கைகளும் மேசைமேல் தண்ணீர்க் குவளையைப் பிடித்திருந்தன. பாதி வாக்கியத்தில் எழுந்து போனாள்.

"முகம் கழுவிட்டு வருவா, விடுங்க" என்றார் தலைவர். கழிப்பறை கீழ்த்தளத்தில். கதவோரம் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும், படிகளில் மேலே ஏறும் காலடி கேட்டது. குவளையில் இருந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை நிதானமாகக் குடித்தேன்.

பதவி எனக்கே. அதன்பின் ஒவ்வொரு கூட்டத்திலும், பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும்போதே, சில்லிட்ட கை ஒன்று வருகிறது. முதலில் ஒரு விரலைப் பிடித்தது. பிறகு இரண்டு. சந்தைக்காரர் மகளுக்குத் தெரியாதா, விலை ஏறுகிறது.

ஐயா, எதிரே உட்கார்ந்திருக்கும் உங்கள் கை இரண்டும் மேசைமேல்தான் இருக்கின்றன. அப்படியானால் கீழே என் ஐந்து விரலையும் பிடித்திருப்பவளிடம் நீங்களாவது சொல்லுங்கள்: கொடுத்தது ஒரு கை, திரும்ப எடுத்துக்கொண்டதும் அதே கை. கணக்கு நேர்.