அவளுக்குக் காது நான்தான்

ஹலோ... ஹலோ, ஆஸ்பத்திரிங்களா?... மார்க்கெட்டுக்குப் பின்னாடி, மருந்துக்கடை மாடியில இருக்கே, அதுதானே?... சரி சரி. சிஸ்டர், ஒரு விஷயம் கேக்கணும்... இல்லீங்க, எனக்கில்ல. என் தங்கச்சிக்கு... ஆமா, கலைக்கிறதுக்கு... ஆமா ஆமா, ஆரம்பந்தான். ரெண்டு மாசம் தாண்டியிருக்கும்...

அவகிட்டயா? அவகிட்ட போனைக் கொடுத்து என்ன சிஸ்டர் பண்றது, அவளுக்குக் காது கேக்காது... சுத்தமா. சின்ன வயசுல காய்ச்சல் வந்து போச்சு. பேச்சும் அரைகுறைதான். அவளுக்குக் காதும் நான்தான், வாயும் நான்தான்.

பேரா?... வீட்டுல ரேடியோன்னு கூப்பிடுவோம்... நெசமாத்தாங்க. சத்தமே வராதுல்ல, அதான். எங்கப்பா வச்ச பேரு... சிரிக்க மாட்டேங்கறீங்க, சரி விடுங்க.

சத்தமா? அது இங்க, கடையில. பியூட்டி பார்லர் வச்சிருக்கேன் சிஸ்டர். புதுசா கண்ணாடி மாட்ட ஆள் வந்திருக்கு, செவுத்துல ஓட்டை போடறாரு... ஒரு நிமிஷம்... அண்ணே! அண்ணே, அங்க இல்ல. இந்தப் பக்கம், என் மேசைக்கு எதிர்ல. அந்தக் காலண்டரைக் கழட்டிக் கடாசுங்க... ஆமா, நான் உக்காந்தா என் முகம் தெரியணும். வர்றவளுங்களுக்கெல்லாம் கண்ணாடி இருக்கு, கடைக்காரிக்குத்தான் இல்ல... ஆங், சொல்லுங்க சிஸ்டர்.

அவளா? இங்கதான் நிக்கிறா. என் பின்னாடி. எங்கிட்டதான் வேலை பாக்கறா. துண்டு மடிக்கிற சாக்குல நிக்கிறா, கண்ணு பூரா என் மேலதான்... அவளேதான் வேணாங்கறா, நான் ஒண்ணும் சொல்லல. மருந்துக்கடைக்குப் போனப்ப உங்க போர்டைப் பாத்து நம்பர் எழுதிக்கிட்டு வந்திருக்கா. அவளே நம்பரை அழுத்தி, என் கையில போனைத் திணிச்சுட்டு, என்ன செய்வாங்க, வலிக்குமா, எத்தனை நாள் ஆகும், கேட்டுச் சொல்லுன்னு ஒரே சைகை. நான் கேக்கலைன்னா எதிர்வீட்டு டீச்சரைக் கேப்பாளாம். தெருவே சிரிக்கணுமா? அதான் நானே பேசறேன்.

உதடு படிக்கிறதா?... படிப்பா. ஆனா என் உதடு மட்டுந்தான் நல்லாப் புரியும் அவளுக்கு. என் வாயைப் பாத்தே வளந்தவ இல்லையா. யார் என்ன சொன்னாலும் நான் திருப்பிச் சொன்னாத்தான் அவளுக்குப் போய்ச் சேரும். எனக்கு இந்த சுத்துற நாற்காலி ரொம்ப வசதி சிஸ்டர். அவ பக்கம் திருப்பினா அவளுக்குக் கேக்கும், இந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா கேக்காது. சுவிட்ச் போட்ட மாதிரி... இதுல என்ன கொடுமை, இருக்கறதைச் சொன்னேன்.

அண்ணே, இன்னும் கொஞ்சம் இறக்குங்க... இறக்குங்க... ஆங், போதும். அந்தப் பேப்பரைப் பிரிங்க... அடேங்கப்பா. என் மூஞ்சி இவ்வளவு பளிச்சுன்னு இருக்கும்னு எனக்கே தெரியாதே. சரிண்ணே, மிச்ச ஆணியை அப்புறம் அடிங்க. வாசல்ல போய் உக்காருங்க, கூப்பிடறேன்.

மன்னிச்சுக்கோங்க சிஸ்டர். சொல்லுங்க, என்ன பண்ணுவீங்க?... ம்... முதல்ல ஸ்கேன்... ம்... கர்ப்பப்பை வாய் இளகறதுக்கு மாத்திரை... சரி... அந்த இடம் மரத்துப்போக ஊசி... மெல்லிசா ஒரு குழாய், அதுல உறிஞ்சி எடுத்துடுவீங்க... எவ்வளவு நேரம்?... அஞ்சு பத்து நிமிஷமா? அவ்வளவுதானா?... கத்தி வைக்க மாட்டீங்களா? வெட்டு, தையல்?... ஒண்ணுமே இல்லையா. அட.

இருங்க, லைன்லயே இருங்க... ஏய், இங்க பாருடி. என் வாயைப் பாரு. கத்தி. கத்தி வைப்பாங்களாம். வயித்தை இந்த நீளத்துக்குக் கிழிச்சு எடுக்கணுமாம். தையலு. முழு மயக்கம், சில பேரு எந்திரிக்கிறதே இல்லையாம்... என்ன அப்படிப் பாக்கற? அந்தம்மா சொன்னதைத்தான் சொல்றேன். தலைய ஆட்டாத. இரு, இன்னும் கேக்கறேன்.

ஹலோ... என்னது?... கத்தின்னு கேட்டுச்சா? அது... கண்ணாடிக்காரர்கிட்ட சிஸ்டர். கயிறு அறுக்கக் கத்தி கேட்டாரு... ஆமா ஆமா. நீங்க சொல்லுங்க, வலிக்குமா?... ம்... மாசா மாசம் வர்ற வலி மாதிரி, அதைவிடக் கொஞ்சம் கூட இழுத்துப் பிடிக்கும்... சில பேருக்கு நல்லாவே வலிக்கும்... முடிஞ்ச கொஞ்ச நேரத்துல குறைஞ்சிடும், அதுக்கும் மாத்திரை கொடுப்பீங்க... சரி... கொஞ்ச நேரம் படுக்க வச்சுட்டு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா?... ஊசி மட்டும்னா தனியாவே வந்துட்டுப் போகலாமா! மயக்கம் கொடுத்தா மட்டும் துணைக்கு ஆள் வேணும்... புருஷன் வரணுமா?... வேண்டியதில்ல. கையெழுத்து?... அவ கையெழுத்து மட்டும் போதும்... இன்னைக்குக்கூட வரலாமா? சாயங்காலம் வரைக்கும் டாக்டர் இருப்பாங்க... ம்.

ரத்தம் எவ்வளவு நாளைக்கு?... ஒரு வாரம், ரெண்டு வாரம்கூட விட்டு விட்டுப் படும்... நாப்கின் மட்டுந்தான் வைக்கணும்... அடுத்தடுத்து முழுசா நனைஞ்சுக்கிட்டே இருந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, வாடை வந்தாலோ உடனே வந்துடணும்... அபூர்வந்தான், ஆனா தெரிஞ்சு வச்சுக்கணும்... சரி சரி. பின்னால பிள்ளை வேணும்னா?... அதுக்கும் ஒண்ணும் கெடுதல் இல்லையா... சரிதான்.

ஒரு நிமிஷம் சிஸ்டர்... ஏய், பாரு இங்க. உன் புருஷன், மாமியா, மாமனார் எல்லாரும் வந்து கையெழுத்துப் போடணுமாம். ஒரு மாசம் படுக்கையிலயே கிடக்கணுமாம். அப்புறம் ஆயுசுக்கும் இடுப்பு நிக்காது, உன் ரெண்டு பிள்ளைங்களைக்கூட நீ தூக்க முடியாது... அழாத. ஏய், அழாதடி. அழுதா கண்ணு மறைக்கும், நான் சொல்றது உனக்குத் தெரியாது. துடை. துடைச்சுட்டுப் பாரு. வேணாம் இதெல்லாம். பேசாம பெத்துக்க. புரியுதா?... ஆங், நல்ல பொண்ணு. போய்த் துண்டை மடி.

ஹலோ சிஸ்டர், கேட்டுட்டேன், ரொம்ப நன்றி... இன்னும் என்ன?... முன்னாடி பிரசவமா? ரெண்டு... முதல் பிரசவம் ஒண்ணும் பிரச்சனையில்ல. ரெண்டாவதுல ரத்தம் நிக்கவே இல்ல. பாட்டில் பாட்டிலா ஏத்தினாங்க... ஆமா, அந்த டாக்டர் சொன்னாரு, இன்னொண்ணு தாங்க மாட்டா, உசிருக்கே ஆபத்துன்னு... யார்கிட்டயா? எங்கிட்டதான் சொன்னாரு. வேற யார்கிட்ட சொல்றது, அவளுக்குத்தான் கேக்காதே... இல்ல, அவகிட்ட நான் சொல்லல... ஏன்னா, பயந்துடுவால்ல... அவ புருஷனுக்கும் தெரியாது.

கோபப்படாதீங்க சிஸ்டர்... இல்ல, கூட்டிட்டு வர மாட்டேன்... ஏன் வரமாட்டேன்னா? நான் எதுக்கு வரணும்?... அப்போ எதுக்குப் போன் பண்ணினேனா? சும்மா பொய் சொன்னா கண்டுபிடிச்சுடுவா, அதான். நான் நிஜமாவே போன்ல பேசறதைப் பாத்தாத்தான் நம்புவா... ஆமா, பொய்தான் சொன்னேன்! கத்தின்னு அவகிட்டதான் சொன்னேன். என்ன இப்ப?

எனக்கு வேணும் சிஸ்டர். அந்தக் குழந்தை எனக்கு வேணும்... உங்களுக்கு என்ன தெரியும்? உங்களை மாதிரி எத்தனை ஆஸ்பத்திரி படி ஏறியிருப்பேன் நான். எத்தனை ஊசி, எத்தனை மாத்திரை. ஒவ்வொரு தடவையும் கரு நிக்கல நிக்கலன்னு திருப்பி அனுப்பினீங்க. இவளுக்கு வேணாம் வேணாம்னாலும் வந்து உக்காருது. இது எந்த ஊர் நியாயம்?... அவ புருஷன்கிட்ட பேசி முடிச்சுட்டேன். பொறந்ததும் என் கைக்கு வந்துடும். தொட்டில்கூட வாங்கிக் கட்டிலுக்கடியில வச்சிருக்கேன். தினம் ராத்திரி குனிஞ்சு ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டுத்தான் படுப்பேன்... அவகிட்டயா? பொறந்தப்புறம் சொல்லிக்கலாம். இப்ப எதுக்கு?

அம்மான்னு கூப்பிட்டா யாருக்காவது கேக்கணுமில்ல? இப்ப இருக்கற ரெண்டும் ராத்திரியில கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போகுதுங்க, இவ பக்கத்துல செத்த பொணம் மாதிரி தூங்கறா. இவளுக்கு மூணாவது ஒண்ணு கேடா?... சாகறதா? சாக மாட்டா. போன தடவை மட்டும் செத்தா போனா? முழுசா நிக்கிறாளே... சரி, அப்படியே ஏதாவது ஆச்சுன்னாலும் என்ன பண்றது, அது அவ தலையெழுத்து. பிள்ளையை நான் ராஜா மாதிரி வளப்பேன்.

என்ன சிஸ்டர்?... அவளா? பின்னாடிதான் நிக்கிறா. அதான் சொன்னேனே, முதுகைக் காட்டித்தான் பேசறேன். அவளுக்கு எப்படித் தெரியப்போ...

ஐயோ.

இல்ல... ஒண்ணுமில்ல... கண்ணாடி. கண்ணாடியில நிக்கிறா சிஸ்டர். என் பின்னாடி நின்னு கண்ணாடியில என்னைப் பாக்கறா. என் கண்ணை இல்ல. வாயைப் பாக்கறா... தெரியலையே, எப்போலேர்ந்துன்னு தெரியலையே. கையில எடுத்த துண்டு கையிலயே இருக்கு. ஒண்ணுகூட மடிக்கல. ஒண்ணுகூட மடிக்கல சிஸ்டர்... நான் என் மூஞ்சியை மட்டுந்தான் பாத்துக்கிட்டிருந்தேன்...

வாயைப் பொத்திக்கிட்டுப் பேசறேன், கேக்குதா உங்களுக்கு?... இப்ப நான் என்ன சொன்னாலும் நீங்க கண்டுக்காதீங்க. கையை எடுக்கறேன்... ஆமா சிஸ்டர்! நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் சிஸ்டர்! என் தங்கச்சின்னா எனக்கு உசிரு! அவளுக்கு ஒண்ணுன்னா நான் தாங்குவேனா! நீங்க சொன்னதை எல்லாம் அவகிட்ட அப்படியே சொல்றேன் சிஸ்டர்!...

ஏய், இங்க பாருடி. இங்க, நேரா, என் வாயைப் பாரு. நான் என்ன சொன்னேன்னா... ஏய்...

கண்ணை மூடிக்கிட்டா சிஸ்டர். எதிர்ல நின்னுக்கிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா... திறடி. திற. தோளைப் பிடிச்சு உலுக்கறேன், திறக்க மாட்டேங்கறா... அக்கா சொல்றேன்ல, திறடி! நீ செத்துடுவேன்னு டாக்டர் சும்மா சொன்னாரு, எல்லா டாக்டரும் அப்படித்தான் சொல்லுவாங்க... யார்கிட்ட சொல்லிட்டிருக்கேன் நான்...

கையைத் தட்டி விட்டுட்டா. ஏப்ரனைக் கழட்டறா... ஏய், எங்க போற? பையை எதுக்கு எடுக்கற?... சிஸ்டர், இன்னைக்கே வரலாம்னு நான்தானே சொன்னேன். தனியாவே வரலாம்னு, அவ கையெழுத்தே போதும்னு, என் வாயாலதானே ஒவ்வொண்ணா... ஐயோ, வாசலுக்குப் போயிட்டா. அண்ணே! அண்ணே, அவளைப் பிடிங்க!... என்னண்ணே, எந்திரிச்சு வழிய விடறீங்க?

ஏய்! நில்லுடி! ஏய் ரேடியோ! ஏய்ய்ய்!...

கத்தறேன் சிஸ்டர், தெருவே திரும்பிப் பாக்குது, அவ திரும்ப மாட்டேங்கறா... தெரியும் கேக்காதுன்னு! எனக்குத் தெரியாதா? திரும்பி என் முகத்தைப் பாத்தாத்தானே நான் பேசறது அவளுக்கு... திரும்பவே மாட்டேங்கறாளே. முதுகை மட்டும் காட்டிக்கிட்டு விறுவிறுன்னு போறா...

சிஸ்டர், அங்கதான் வர்றா. நீலப் பை, ஒத்தைச் சடை. நான் வர்றதுக்குள்ள ஒண்ணும் பண்ணிடாதீங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்... நான் இல்லாம நீங்க அவகிட்ட எப்படிப் பேசுவீங்க? அவளுக்கு ஒண்ணும் புரியாது... எழுதிக் காட்டுவீங்களா... படிக்கத் தெரியும், ஆமா, போர்டைப் படிச்சான்னு நான்தான் சொன்னேன்... என்னையா? வாசல்லயே நிறுத்திடுவீங்களா?... யார் நீன்னா கேக்கறீங்க? நான் அக்கா! அவளுக்குக் காது நான்தான் சிஸ்டர்... சிஸ்டர்?... ஹலோ... லைன்ல இருக்கீங்களா?... ஹலோ, நான் பேசறது கேக்குதா?... ஹலோ... கேக்குதா?...