பேர் தெரியாத குரல்

அந்தமானில், சாத்தம் படகுத்துறையிலிருந்து பம்பூஃபிளாட் போகும் ஃபெர்ரியில் எனக்கு முன்னால் நின்ற பெண், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு, பக்கத்தில் ஹெல்மெட்டும் கையுமாக நின்ற இளைஞனிடம் சொன்னாள்: "கனடா பாட்டு ஒண்ணுல நான் பேரே இல்லாம பாடிட்டிருக்கேன், தெரியுமா?"

"நம்ம செல்வா பேண்டா, அக்கா?"

"என்ன நம்ம செல்வா! நாம மூணு பேரும் வண்டூர்ல ரெக்கார்ட் பண்ணின பாட்டுடா அது. அப்ப இங்க நெட்டு எங்க இருந்துச்சு? மெயின்லேண்ட் போய் அப்லோட் பண்றேன்னு பென் டிரைவை வாங்கிட்டுப் போனான். அப்புறம் படிக்கக் கனடா போனவன், அங்க நாலு பேரைச் சேத்து பேண்ட் ஆரம்பிச்சு, அதையே முதல் பாட்டா விட்டுட்டான். ஊர் ஊரா மேடை, அவார்டு."

"என் டிரம்ஸ்?"

"உன்னை எடுத்துட்டு வெள்ளைக்காரனை வாசிக்க வெச்சுட்டான். என் குரல் மட்டும் அப்படியே இருக்கு. 'பேர் தெரியாத தீவுப் பொண்ணு'ன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கான்."

"அரே, வருஷா வருஷம் அவனுக்கு ராக்கி கட்டினது நீங்கதானேக்கா!"

"பேண்டுக்குப் பேரு சாத்தமாம். நாம ஏறின போட் ஜெட்டி பேரு மட்டும் ஞாபகம் இருக்கு பாரு."

"சோடோ அக்கா, விடுங்க. இப்ப அந்த பேண்டே உடைஞ்சுபோச்சு. அடுத்த மாசம் இங்க வர்றானாம். மறுபடி நாம சேர்ந்து பாடலாமான்னு எனக்கு மெசேஜ் போட்டான். உங்களையும் கூப்பிடுவான்."

ஃபெர்ரி கரையில் இடித்து நின்றது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கூப்பிடட்டும். என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறான்னு பாக்குறேன்."