பெரிய எழுத்து இல்லை

ராத்திரி இரண்டு மணி. கனடாவின் வடக்கே, ஹெர்ஸ்டிலிருந்து லாங்லாக் போகிற சாலை... நடுவில் ஒரு வீடு கிடையாது. சிரிக்காதே ஜில், நாளைக்கு உனக்கும் அந்த வழிதான். இது என் சிநேகிதன் கயெத்தானின் மச்சான் ஃபெர்னானுக்கு நடந்தது.

அங்கே பனியில் வண்டி மாட்டினால், உதவி எண்ணுக்கு நம் பெயரைக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும். பனி தள்ளும் வண்டி தேடி வரும். அதற்கான கணினி நிரலை சி மொழியில் எழுதியவன் ஃபெர்னான். குப்பைச் செய்திகளைக் கழிக்க, முதல் எழுத்து பெரிய எழுத்தா என்று பார்த்து, இல்லையென்றால் தள்ளச் சொல்லியிருந்தான். அப்படிப் பார்க்கிற கட்டளைக்குப் பெயர் iswupper. ஆனால் எந்த மொழி எழுத்து வரும் என்று நிரலின் ஆரம்பத்தில் ஒரு வரி சொல்லாவிட்டால், ஆங்கில எழுத்தைத் தாண்டி எதையும் அது பெரிய எழுத்தென்று ஒப்புக்கொள்ளாது. இந்தப் பாவி அந்த வரியை மறந்துவிட்டான். தன் பெயரின் F-ஐப் போட்டுப் பார்த்தான். ஓடியது. போய்த் தூங்கிவிட்டான்.

ஜனவரிப் புயலில் எலோடி என்ற பெண் மாட்டிக்கொண்டாள். அவள் பெயர் தொடங்குவது பிரெஞ்சில் வருகிற, தலையில் கோடு போட்ட É-யில். திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறாள்... நிரல் தள்ளிக்கொண்டே இருந்தது. விடிந்து பார்த்தபோது விறைத்துச் செத்துப் போயிருந்தாள். ஃபெர்னான் சத்தமில்லாமல் அந்த வரியைச் சேர்த்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை, அவள் அம்மாவிடம்கூட.

அடுத்த குளிர்காலம். அதே சாலையில் அவன் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. என்ஜின் டக்... டக்... நின்றுவிட்டது. பெயரை அனுப்பினான்.

பதில் வந்தது: "பெரிய எழுத்து இல்லை."

மறுபடி அனுப்பினான். அதே பதில். F பெரிய எழுத்து இல்லையென்றால் வேறு எது? விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. பின்சீட்டிலிருந்து ஈரக் கம்பளி வாடை... திரும்பிப் பார்க்கப் பயம். என்ன தோன்றியதோ, Élodie என்று அடித்தான்.

ஏற்றுக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் மஞ்சள் விளக்கு சுற்றிச் சுற்றி வந்தது. ஓட்டுநர் பின்கதவைத் திறந்து டார்ச் அடித்தான்.

"எலோடி யாரும்மா?"

"நான்தான்," என்றது பின்சீட்டிலிருந்து ஒரு பெண் குரல். "எவ்வளவு நேரமாக் காத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா?"

"கோவிச்சுக்காதம்மா, ரோடு அப்படி. எங்க விடணும்?"

"அம்மா வீட்டுக்கு."

"வண்டில வேற யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

ஃபெர்னான் கத்தினான். டார்ச் வெளிச்சம் அவன் முகத்தின் மேலேயே ஊர்ந்து... திரும்பிப் போனது. கதவு சாத்திக்கொண்டது.

விடிந்து, மரம் ஏற்றிப் போகிற ஒரு லாரிக்காரன்தான் அவனைத் தூக்கினான். உயிர் பிழைத்தது. வலக்கை விரல்கள் போய்விட்டன. கட்டோடு நேரே எலோடியின் அம்மா வீட்டுக்குப் போனான், இந்தத் தடவை எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று.

கதவு ஒரு கீற்று திறந்தது. அவன் பேச வாயெடுத்தான்.

"மெதுவாப் பேசு தம்பி," என்றாள் அந்த அம்மா. "இப்பத்தான் அவளுக்குக் குளிர் விட்டுத் தூங்குறா."