தண்ணி ஊத்திக் காட்டச் சொன்னாராம்

தாம்பரத்தில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரில் உட்கார்ந்தார்கள். ஏதோ ஆராய்ச்சிக் கூடத்தில் ஒன்றாய் வேலை போல. பச்சை சுடிதார்காரிதான் ஆரம்பித்தாள்.

"நாளைக்கு வெறும் தண்ணி ஊத்திக் காட்டினா போதும்ங்கறாருடி எங்க சார்."

"நீ செய்யறது பெயிண்ட் தின்னரை வடிகட்டற குழாயாச்சே?"

"அதான் கூத்து. முடி மாதிரி மெல்லிசு, உள்ள ஓட்டை, அந்த மாதிரி குழாய் ஒரு கட்டு. அழுக்குத் தின்னர் சுத்தமாகி வரணும். ஆனா தின்னர்ல ஊறினா குழாயே கொழகொழன்னு ஆயிடுது. கெட்டியாக்க டைம் கேட்டேன். பார்க்க வர்ற பெயிண்ட் கம்பெனிக்காரங்களுக்கு என்ன தெரியும்ங்கறாரு."

"பெரிய மேதை! ரெயின்கோட்டை வெயில்ல மாட்டிக் காட்டி விக்கறவரு."

"அவங்க வாங்கிப் போய் மாட்டினா ஒரே நாள்ல நாறிடும். செஞ்சது யாருன்னு கேட்டா என் பேரைச் சொல்லுவாரு."

"இப்ப என்ன பண்ணப் போற?"

"தின்னரே ஊத்தப் போறேன்."

"வேலை போயிடும்டி!"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பல்லாவரம் வந்ததும் பச்சை சுடிதார்காரி பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"போவட்டும். கெட்டுப்போறது நம்ம லேப்லயே, அவர் கண்ணு முன்னாடியே கெட்டுப்போவட்டும்."