மூன்றாம் மாடிக் காவலாளியின் மூச்சு

சத்தண்ணன் இறந்த பிறகும் மூன்று மணி நேரம் அவரிடம் நாம் வேலை வாங்கியிருக்கிறோம்.

மேடையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, மூத்தவர்களே, கணினி முன்னால் முதுகு வளைந்துபோன என் சக ஊழியர்களே, முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அக்கா அவர்களே, வணக்கம். அண்ணனைப் பற்றி இங்கே நான்கு பேர் அழகாகப் பேசிவிட்டார்கள். எனக்கு அது வராது. அக்கா கேட்ட ஒன்றைச் சொல்லத்தான் ஏறியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வெளியாகும் ஆட்டத்திலிருந்து தன் கணவரின் மூச்சை எடுத்துவிடச் சொல்கிறார். அவ்வளவுதான்.

ஆட்டம் தெரியாத உறவினர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு ஏழு பேர் சேர்ந்து செய்த வீடியோ கேம் அது. சண்டை போடக் கூடாது, பதுங்கிப் போக வேண்டும். இருட்டில் சுவரோடு ஒட்டி நின்று, காவலாளியின் காலடிச் சத்தத்தை வைத்தே அவன் எங்கே இருக்கிறான் என்று கணிக்க வேண்டும். அந்தக் காலடி, சாவிக்கொத்து, இருமல், குரல் எல்லாம் யாருடையவை? நம் ஒலி வடிவமைப்பாளர், நாம் எல்லோரும் சத்தண்ணன் என்று கூப்பிட்ட அவருடையவை. குரல் கொடுக்க வேறு ஆள் கிடைக்காததால் அவரே பேசினார்.

"இருபத்திரண்டு வருஷமா முகம் தெரியாதவன்லாம் என்னைப் பின்னாலேருந்து மண்டையில போடுறான். தலைவலி வராம என்ன செய்யும்?" என்பார். காவலாளி சீக்கிரம் ஏமாந்துவிடுகிறான் என்று ஒருமுறை குறை சொன்னேன். "அவன் மக்கு இல்லடா. சம்பளம் கம்மி. அதான் ரெண்டு தடவ தேடிட்டு விட்டுடறான்" என்றார்.

அந்தப் பழைய ஆட்டத்தை இன்றைய கணினிகளில் ஓட வைக்க நம் நிறுவனம் வாங்கியது. ஏழு பேரில் இந்தத் தொழிலில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை கொடுத்தோம். பதினோரு மாதம் நானும் அவரும் அதில் வேலை செய்தோம். பழைய ஒலிகள் புதிய கணினியில் கரகரத்தன. சுத்தம் செய்ய நாள் பிடிக்கும், புதிதாகவே பதிந்துவிடுங்கள் என்று மேலிருந்து உத்தரவு வந்தது.

பதிந்தவன் நான். அவர் இறப்பதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, இன்னொரு டேக். கொஞ்சம் இளைக்கிற மாதிரி" என்றேன்.

"மாதிரி எதுக்குடா? இளைக்குதே" என்றார்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன்.

நெஞ்சு வலிக்கிறது என்று இரண்டு முறை விடுப்பு கேட்டார். "ரிலீஸ் முடியட்டும்ணே, போய்க் காட்டிக்கலாம்" என்று பதில் போனது. யார் சொன்னது என்று நான் சொல்லத் தேவையில்லை. சொன்னவருக்குத் தெரியும்.

புதிய பதிப்பில் அண்ணன் தன் சொந்த யோசனை ஒன்றைச் சேர்த்திருந்தார். ஆடுகிறவர் தன் அறையில் இருமினால் ஹெட்செட் வழியாக அது காவலாளி காதில் விழும். அவன் திரும்புவான். செவ்வாய்க்கிழமை மதியம் அதைத்தான் சோதித்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தை மணிக்கணக்கில் சும்மா ஓடவிட்டு, எங்கே நின்றுபோகிறது என்று பார்க்கும் சோதனை. ஆடுகிற உருவம் இருட்டில் அசையாமல் நிற்கும். காவலாளி நடந்துகொண்டே இருப்பான்; அவன் சத்தமெல்லாம் அறையின் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஆட்டம் நடப்பதையெல்லாம் நேரத்தோடு பதிந்து வைக்கும். பிறகு அதை எடுத்துப் படித்தேன். மூன்று மணி ஏழு நிமிடத்துக்கு ஹெட்செட் வழியாக ஒரு சத்தம். அது அண்ணன் நாற்காலியோடு சரிந்த சத்தம். ஆட்டத்தின் மூன்றாம் மாடியில் நடந்துகொண்டிருந்த காவலாளி நின்றான். "யாரது?" என்றான். திரையின் ஓரம் வரை வந்தான். பதினோரு விநாடி அங்கேயே நின்று பார்த்தான். மறுபடியும் "யாரது?" என்றான். பிறகு "யாருமில்ல போல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

அண்ணன் குரலில்.

நான் அப்போதுதான் கையில் தேநீரோடு கதவுக்கு வெளியே வந்து நின்றேன். அந்த "யாரது?"வை இரண்டு முறையும் கேட்டேன். "இன்னிக்கு அண்ணன் ஜோர்ல இருக்காரு" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன். நான்கு மணிக்கு மேல்மாடியிலிருந்து ஒருவர் வந்து, அண்ணன் ஏன் பதில் அனுப்பவில்லை என்று கேட்டார். "உள்ளதான் இருமிக்கிட்டு இருக்காரு, தொந்தரவு பண்ணாதீங்க" என்று அனுப்பிவைத்தோம். ஆறு பேர் அந்தக் கதவைக் கடந்து போனோம். ஆறு பேரும் இருமலைக் கேட்டோம். ஆறு பேரும் ஆள் நன்றாக இருக்கிறார் என்று நினைத்தோம். அவர் விழுந்ததும் என்ன சத்தம் என்று எட்டிப் பார்க்க வந்தது அவர் செய்த பொம்மைக் காவலாளி ஒருவன்தான்.

ஆறு மணிக்கு அறையைக் கூட்ட வந்த அம்மா மாடி ஏறி ஓடிவந்தார். "சார், அண்ணன் கீழ கெடக்காரு. கண்ணு மூடியிருக்கு. பேச்சு மட்டும் கேக்குது" என்றார்.

வெள்ளிக்கிழமை வெளியாவது அந்தத் திங்கட்கிழமை மூச்சு. வெளியாட்கள் ஆடிப் பார்த்துவிட்டு, காவலாளியின் மூச்சு உடம்பைச் சில்லிட வைக்கிறது என்று எழுதினார்கள். நாம் அதை எடுத்து விளம்பரத்தில் போட்டிருக்கிறோம். சாகிற மனிதனின் மூச்சு என்று தெரிந்த பிறகும் போட்டிருக்கிறோம்.

நேற்று நான் ஆடிப் பார்த்தேன். மூன்றாம் மாடியில், இருட்டில் நின்றேன். காலடி வந்தது. எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அந்த இளைப்பு. "யாரது?" என்றார். என் வாய் தானாகத் திறந்தது. "நான்தாண்ணே" என்றேன். ஹெட்செட் அதைப் பிடித்துக்கொண்டது. அவர் திரும்பி நேராக என்னிடம் வந்தார். நான் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினேன்.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே போனால், அவருக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது. "தம்பி, மூணாம் மாடியில அவரப் பின்னாலேருந்து அடிச்சாத்தான் சாவி கிடைக்குமாமே? விளையாடுற அத்தன பேரும் அடிச்சே ஆகணுமாமே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பழைய சத்தத்துல அடிக்கட்டும்பா. அது இவரே சிரிச்சுக்கிட்டுக் குடுத்தது. இது வேண்டாம். இது எங்க வீட்டுல நான் ராத்திரியெல்லாம் கேட்டுக்கிட்டுப் படுத்திருந்த மூச்சு."

அண்ணனின் வேலையை நான் தொடர்கிறேன். அதே அறையில் உட்காருகிறேன். பழைய ஒலிகள் என்னிடம் இருக்கின்றன. கரகரப்பை எடுத்துச் சுத்தம் செய்ய ஒன்பது நாள் வேண்டும். இருபத்திரண்டு வருடம் காத்திருந்தவர்கள் இன்னும் ஒன்பது நாள் காத்திருக்க மாட்டார்களா? தேதியை மாற்ற முடியாது என்று என்னிடம் தனியாகச் சொன்னீர்கள், மேலாளர் அவர்களே. இப்போது அக்கா எதிரில் இருக்கிறார். இத்தனை பேர் இருக்கிறோம். அந்த மூச்சை எடுக்கிறீர்களா, இல்லையா? அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஐயா, உங்களைத்தான் கேட்கிறேன். சொல்லுங்கள்.