கடைசிப் பாரம்

எழுத்தாளன் என்று தெரிந்துவிட்டால் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: காலையில் எழுதுவீர்களா, ராத்திரியிலா? முடிவெட்டுபவர் கேட்டிருக்கிறார், பல் டாக்டர் என் வாயில் கையை விட்டுக்கொண்டே கேட்டிருக்கிறார், இப்போது இன்ஸ்பெக்டர் நீங்களும் கேட்டுவிட்டீர்கள். காலையில்தான் சார். குளித்து, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு, ஜன்னலோர மேஜையில் உட்கார்வேன். ராத்திரியில் எழுதினால் என் ஆட்கள் எல்லோரும் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள்.

டீக்கு நன்றி. எங்கள் கட்டிடத்து லிஃப்ட் மெக்கானிக் எப்படிச் செத்தார் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. ஆனால் நான் எப்படி எழுத வந்தேன் என்பதிலிருந்து தொடங்கினால்தான் அது சரியாகப் புரியும். நீட்டி முழக்கினால் தயங்காமல் நிறுத்துங்கள். எடிட்டர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு எனக்குப் பழக்கம்தான்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, புத்தக பைண்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். தலைகீழாகத் தைத்தது, பக்கம் மாறியது, பாரம் விட்டுப்போனது என்று அங்கே கழித்துப்போடும் புத்தகங்களைப் பையில் அள்ளிக்கொண்டு வருவார். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். பெரும்பாலும் கடைசிப் பாரம்தான் இருக்காது. நானும் அக்காவும் அதைப் படித்துத்தான் வளர்ந்தோம். கொலைகாரன் பிடிபடாத துப்பறியும் கதைகள், கல்யாணம் ஆனதா இல்லையா என்றே தெரியாத காதல் கதைகள். அக்கா அலட்டிக்கொள்ள மாட்டாள். "கட்டிக்கிட்டு நல்லா இருந்திருப்பாங்க, தூங்குடா" என்று திரும்பிப் படுத்துவிடுவாள். எனக்குத் தூக்கம் பிடிக்காது. கதாநாயகி கடைசியில் என்ன ஆனாள் என்று மாமாவைப் போட்டு நச்சரிப்பேன். ஒருநாள் அவர் எரிச்சலில், "அவ செத்துப்போயிட்டாடா, போதுமா?" என்றார். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். உங்களை அதிகம் பாதித்த எழுத்தாளர் யார் என்று பேட்டிகளில் கேட்டால் எங்கள் மாமா என்பேன். தன்னடக்கம் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அக்காதான் வீட்டைத் தாங்கினாள். பல்செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, யாரோ ஒரு தாத்தாவின் சிரிப்பை மேஜை மேல் உருவாக்கிவிடுவாள். நான் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருந்தேன். நாவல் எழுதப் போகிறேன், வேலையை விடுகிறேன் என்றபோது அக்கா, "மதியம் வீட்லதான் இருப்பியா? அப்ப சேத்து சமைச்சு வச்சிடறேன்" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

இரண்டு நாவல்கள் எழுதினேன். சுவரில் அடித்த பந்து போலத் திரும்பி வந்தன. மூன்றாவதை நேரிலேயே கொண்டுபோனேன். அந்தப் பதிப்பகத்தில் கொண்டையில் சிவப்புப் பேனாவைச் செருகிக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். எழுதுகிறவர்கள் எல்லோரும் அவரைச் சிவப்புப் பேனா என்றுதான் சொல்வோம், முதுகுக்குப் பின்னால்.

"உங்களுக்குக் கண்ணு நல்லா இருக்கு, காதும் நல்லா இருக்கு" என்றார். "கற்பனைதான் சுத்தமா இல்ல. பார்த்தத எழுதுற இடமெல்லாம் உயிரோட இருக்கு. நீங்களா இட்டுக்கட்டுற இடம் பொம்மை மாதிரி நிக்குது. பேசாம பாக்குறதையே எழுதுங்க."

பார்ப்பதற்கு வீட்டிலேயே ஒன்று நடந்துகொண்டிருந்தது.

எங்கள் கட்டிடத்து லிஃப்ட் ரொம்பப் பழசு. கம்பிக் கதவை இழுத்து மூடினால்தான் நகரும், மனசு இருந்தால்தான் நிற்கும். ஒருநாள் அக்கா நடுவழியில் மாட்டிக்கொண்டாள். லிஃப்ட்காரர், அதாவது அந்த மெக்கானிக், வந்து, கம்பி வழியாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பழுது பார்த்தார். ஒருவழியாகக் கதவைத் திறந்துவிட்டபோது அக்கா கேட்டாள்: "அதுக்குள்ள சரியாயிடுச்சா?"

அதன்பிறகு லிஃப்ட் அடிக்கடி கெட்டுப்போக ஆரம்பித்தது. எனக்குத் தெரியாததா? ஸ்பேனர் பட்டு அவருக்கு ஒரு பல் போய், அந்த இடம் ஓட்டையாக இருந்தது. அக்கா அவர் தாடைக்கு அச்சு எடுத்து, நிறம் பார்த்துப் பார்த்து, தானே ஒரு பல் செய்துகொடுத்தாள். மற்றவர்கள் மோதிரம் மாற்றிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் இப்படி.

அத்தனையும் எழுதினேன். அக்காவைத் தையல்காரி ஆக்கினேன். லிஃப்டை அப்படியே விட்டேன். அவரும் மறைக்காமல் தன் வேலையைச் சொல்லிக்கொடுத்தார். மொட்டை மாடி அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பெரிய சுவிட்சைக் காட்டினார்.

"இத அணைச்சு, 'ஆள் வேலை செய்கிறார்'னு போர்டையும் மாட்டிட்டுத்தான் தம்பி கீழ, லிஃப்டுக்கு அடியில இருக்குற குழியில இறங்குவேன். போர்ட பாத்தா எவனும் சுவிட்ச தொட மாட்டான்."

நல்ல மனிதர். கேட்காமலே விவரம் கொடுப்பவர்கள் எழுத்தாளனுக்குக் கிடைப்பது அபூர்வம்.

சிவப்புப் பேனா ஒரே மூச்சில் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது. "பிரமாதம்" என்றார். "ஆனா கல்யாணத்துல கொண்டு முடிச்சிட்டீங்களே. சப்புனு ஆயிடுச்சு. இத்தனை வருஷம் தனியா இருந்தவ, இப்பதான் ஒருத்தன நம்புறா. அவன் ஒருநாள் வராமலே போயிட்டா இவ என்ன ஆவா? அத எழுதிட்டு வாங்க, அச்சுக்கு அனுப்பிடலாம்."

உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. அக்கா அழுவாளா, கத்துவாளா, சாப்பிடாமல் கிடப்பாளா? என்ன எழுதினாலும் பொம்மை நின்றது. பார்க்காததை நான் எப்படி எழுதுவேன்? கொஞ்சம் ஒத்தாசை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

லிஃப்ட்காரரிடம், அக்காவுக்கு இதில் இஷ்டமில்லை, முகத்துக்கு நேரே சொல்லச் சங்கடப்படுகிறாள், இந்தக் கட்டிடத்துக்கு இனி வேறு ஆளை அனுப்பச் சொல்லுங்கள் என்றேன்.

"அவங்களே சொன்னாங்களா?"

"அழுதுட்டே சொன்னா."

"அழுதாங்களா?" கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். "சரி தம்பி. அழ வேணாம்னு சொல்லுங்க."

அக்காவிடம், அவருக்கு வேறு ஊரில் மனைவியும் பெண் குழந்தையும் இருப்பதாகச் சொன்னேன். நேரில் பார்த்தேன், அந்தக் குழந்தை சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறது, முன்பல் விழுந்திருக்கிறது என்றேன். வாழ்நாளில் நானாக இட்டுக்கட்டியவற்றில் அதுதான் உசத்தி. எனக்குக் கற்பனை இல்லை என்றவர்கள் பக்கத்தில் இருந்து கேட்டிருக்க வேண்டும்.

அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "எந்தப் பல்லு?" என்றாள்.

"மேல ரெண்டும்."

"அப்ப ஏழு வயசு இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

அவள் அழவேயில்லை சார். நான் நினைத்தது எதுவும் நடக்கவில்லை. லிஃப்டில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். காய்கறிப் பையோடு நாலு மாடியும் படியேறி வந்தாள். அவர் தாடைக்கு எடுத்த அச்சில் வார்த்த பிளாஸ்டர் பல்வரிசை ஒன்று சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது. அதைத் தூக்கிப் போடவும் இல்லை, எடுத்து ஒளித்து வைக்கவும் இல்லை. ஜாடிகளைத் துடைக்கும்போது அதையும் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். எத்தனை வருஷம் தலைகீழாக நின்றாலும் எனக்குத் தோன்றியிருக்காது. ஒரே வாரத்தில் கடைசி அத்தியாயத்தை முடித்தேன்.

புத்தகம் வந்தது, பரிசு வந்தது. ஒரு பெண்ணின் மனதை ஆண் ஒருவர் இவ்வளவு நுட்பமாக எழுதியதில்லை என்று விமர்சனம் வந்தது. கல்லூரியில் பாடமாகக்கூட வைத்தார்கள். பிழை திருத்தியது அக்காதான். கடைசிப் பக்கத்தை வைத்துவிட்டு, "இது நான்தானே?" என்றாள்.

"கொஞ்சம்."

"நல்லா வந்திருக்குடா. என் கஷ்டம் எதுக்காவது உதவிச்சே."

அவளுக்கு அந்த ஆறுதலை என்னால் கொடுக்க முடிந்ததே என்று இன்றும் எனக்குச் சந்தோஷம்தான்.

இங்கே கொஞ்சம் வேகமாகப் போகிறேன். பல வருஷம் அடுத்த நாவல் நகரவில்லை. வீட்டில் எதுவும் நடக்காதபோது நான் எதை எழுத? இந்த நிலைமையில் லிஃப்ட் கம்பெனியில் பழைய ஆட்கள் ஓய்வுபெற்றுப் போக, எங்கள் கட்டிடத்தை மறுபடி அந்த லிஃப்ட்காரர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவர், படியில் மூச்சு வாங்க நின்ற அக்காவைப் பார்த்து, "லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது, ஏன் ஏறிப் போறீங்க?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

அக்கா உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகலடா. பல்லு விழுந்த அந்தப் பொண்ணு யாரு?"

மழுப்புவது எனக்குப் பிடிக்காது. "முடிவு சரியா வரல, அதான்" என்றேன். விவரமாகவும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். கத்தவில்லை.

"நாங்க ரெண்டு பேரும் பதிவு பண்ணிக்கப் போறோம்" என்றாள். "நீ வேற வீடு பாத்துக்க."

இது அக்கா மேல் உள்ள பொறாமை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். வீட்டை விட்டு அனுப்புகிறாளே என்ற கோபமும் இல்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். ஊரெல்லாம் படித்து அழுத புத்தகம். அதில் அவன் திரும்பி வருவதில்லை. அந்தப் புத்தகத்தின் பலமே அதுதான். இவர் பாட்டுக்குப் பொய்ப்பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு வந்து நின்றால், நான் எழுதியதற்கு என்ன மரியாதை? ஒன்றை ஒழுங்காக முடித்த பிறகு வந்து கெடுப்பது நியாயமா?

செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல எழுத உட்கார்ந்தேன். கீழே அவர் சுத்தியல் சத்தம் கேட்டது. மொட்டை மாடிக்குப் போனேன். போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். எந்த மாடியில் கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடாது என்பார்கள், கீழே அவர் கதவைத் திறந்துவைத்துத்தான் குழியில் இறங்கியிருந்தார். ஆனால் அந்தத் தடுப்பு வேலை செய்யவில்லை, அன்றைக்கு அவர் பழுது பார்த்துக்கொண்டிருந்ததே அந்தக் கோளாறைத்தான். பிறகு இறங்கி வந்து, மூன்றாம் மாடியில் நின்ற லிஃப்டுக்குள் கையை நீட்டிக் கீழ்த்தளத்துப் பொத்தானை அழுத்தி, கம்பிக் கதவை இழுத்து மூடினேன். அவர் குழிக்குள் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுதிவிடாதீர்கள், அது உண்மையில்லை.

இறங்கும்போது அக்கா எதிரே வந்தாள். அவருக்கு டீ கொடுத்துவிட்டுக் காலி டம்ளரோடு மேலே வந்துகொண்டிருந்தாள்.

"கையில என்னடா?"

"போர்டு" என்றேன்.

அவள் அதைப் படித்தாள். எங்கள் பக்கத்திலேயே அந்தப் பழைய லிஃப்ட் ஊர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவள் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள். அந்த வயதில் அவள் அவ்வளவு வேகமாகப் படி இறங்குவாள் என்று நான் நினைத்ததே இல்லை. லிஃப்டை முந்த முடியவில்லை.

முதலில் வந்த உங்கள் ஆட்கள் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு போர்டைப் பற்றி உங்களிடம் யார் வந்து சொன்னது என்று நான் கேட்கப் போவதில்லை. பரிசு வாங்கிய நாளிலிருந்தே கட்டிடத்தில் என் மேல் எரிச்சலோடு சிலர் இருக்கிறார்கள். போகட்டும். நடந்தது இதுதான், செய்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

இன்னொன்று. அக்கா காலையிலிருந்து வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம், நான் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்க்காமல் நகரமாட்டேன் என்றாளாம். உங்கள் ஏட்டு சொன்னார். அவளுக்கு ஏதாவது சாப்பிட வாங்கிக் கொடுங்கள் சார். என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வராது.